கிராஸ்ப்65 இல்லாமலும் கோல்கை அடுக்கு நிற்கிறது என்றால் கட்டுப் புரதங்களுக்கு என்ன வேலை?

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து சித்தூர் கல்லூரிக்குப் போய்வரும் ஒரு எம்.எஸ்சி. மாணவர் கேட்டிருப்பது இது. (கோல்கை என்பது செல் தயாரிக்கும் புரதங்களில் சர்க்கரை சேர்த்து, வகை பிரித்து அனுப்பும் உறுப்பு.) வகுப்பு நோட்ஸில் "ஜிஎம்130, கிராஸ்ப்65 ஆகியவை கோல்கைத் தட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டி வைக்கும் பசை" என்று இருக்கிறதாம். ஆனால் கிராஸ்ப்65 ஜீனை நீக்கிய எலி பிறந்து வளர்ந்து நடமாடுகிறது, அதன் செல்களில் கோல்கை அடுக்கும் இருக்கிறது என்று வேறோர் இடத்தில் படித்திருக்கிறார். எது சரி, இதை ஆறு மாத ப்ராஜெக்டில் சோதித்துப் பார்க்க முடியுமா என்பது கேள்வி. (பாலக்காட்டுச் சித்தூரைச் சொல்கிறேன், ஆந்திரச் சித்தூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம்.) பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தவர், தமிழிலேயே பதில் வேண்டும் என்கிறார். புரதங்களின் பெயர்களை அப்படியே வைத்துக்கொண்டு மற்றதைத் தமிழில் சொல்கிறேன்.

கேள்வி எலியைப் பற்றியது போலத் தோன்றினாலும், சிக்கல் எலியில் இல்லை. பாடம் ஒரே மூச்சில் "கோல்கையின் அமைப்பு" என்று சொல்லிவிட்டுப் போவதில் இரண்டு தனி அமைப்புகள் இருக்கின்றன. ஒன்று அடுக்கு. ஏறத்தாழ ஒரு மைக்ரான் அகலமுள்ள தட்டையான பைகள், பாலூட்டிச் செல்களில் பொதுவாக நாலு முதல் ஆறு வரை, ஒன்றின் மேல் ஒன்றாக நெருங்கி நிற்பது. தட்டுக்கும் தட்டுக்கும் இடைவெளி 10 முதல் 15 நானோமீட்டர்தான், ஒரு ரைபோசோம்கூட நுழையாது. மற்றொன்று நாடா. முதுகெலும்புள்ள விலங்குகளின் செல்லில் இப்படிப்பட்ட பல அடுக்குகள் பக்கவாட்டில் குழாய்களால் இணைந்து, உட்கருவை ஒட்டி, மைக்ரோட்யூபுல் இழைகள் கிளம்பும் சென்ட்ரோசோமைச் சுற்றி ஒரே தொடராகக் கிடக்கும். அடுக்கு குலையாமலே நாடா அறுந்துபோகலாம். தாவரச் செல்லில் நாடாவே கிடையாது, தனித்தனி அடுக்குகள் நூற்றுக்கணக்கில் ஆக்டின் இழைகளைப் பிடித்துக்கொண்டு சைட்டோபிளாசத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பழ ஈயின் செல்லிலும் அடுக்குகள் சிதறித்தான் இருக்கின்றன. ரொட்டி ஈஸ்ட் இன்னும் ஒரு படி மேலே போய், அடுக்கே இல்லாமல் தட்டுகளைத் தனித்தனியாக விட்டுவைத்திருக்கிறது, அதன் சுரப்பு வேலையும் நடக்கிறது. ஆகவே "கோல்கை கலைந்தது" என்று எந்தக் கட்டுரையில் படித்தாலும், கலைந்தது அடுக்கா நாடாவா என்பதை முதலில் பாருங்கள். உங்கள் நோட்ஸ் அடுக்கைச் சொல்கிறது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஒளி நுண்ணோக்கிப் படங்கள் பெரும்பாலும் நாடாவைத்தான் காட்டுகின்றன.

இனி புரதங்கள். கட்டுப் புரதம், அதாவது டெதர் என்று சொல்வது, ஒரு சவ்வில் காலூன்றி நின்று எதிரே வரும் இன்னொரு சவ்வைத் தொட்டுப் பிடிக்கும் எதையும் குறிக்கும். கோல்கையில் இவை இரண்டு வகை. முதல் வகை கோல்ஜின்கள், நீளமான முறுக்குச் சுருள் புரதங்கள். நம் ஊரில் ஆட்டுக்கு வேப்பந்தழை இழுக்கும் தொரட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அடி தட்டின் சவ்வில், கொக்கி வெளியே எட்டியிருக்கும், நடுவில் மட்டும் விறைப்பாக இல்லாமல் சில இடங்களில் மடங்கும். முறுக்குச் சுருளில் ஓர் அமினோ அமிலத்துக்கு ஏறக்குறைய 0.15 நானோமீட்டர் நீளம் கிடைக்கும். ஜிஎம்130-இல் கிட்டத்தட்ட ஆயிரம் அமினோ அமிலங்கள் என்றால் முழுக்க நீட்டினாலும் 150 நானோமீட்டரைத் தாண்டாது. ஜயண்டின் 3,200-க்கு மேல், அது 400 நானோமீட்டரைத் தாண்டக்கூடியது. இந்தக் கணக்கை ஒரு தடவை நீங்களே போட்டுப் பாருங்கள், பசைக் கதையின் முதல் ஓட்டை அங்கேயே தெரியும். 10, 15 நானோமீட்டர் இடுக்கில் 100 நானோமீட்டர் தண்டு நிமிர்ந்து நிற்க முடியாது. பல கோல்ஜின்கள் தட்டின் விளிம்பிலும் அடுக்கின் இரு முகங்களிலும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதற்கும் இது பொருந்திவருகிறது.

காலூன்றும் விதம் ஒவ்வொன்றுக்கும் வேறு. ஜயண்டினும் கோல்ஜின்-84-உம் தங்கள் சி-முனையை, அதாவது புரதச் சங்கிலியின் கடைசி நுனியை, சவ்வுக்குள்ளேயே குத்தி நிற்கின்றன. கோல்ஜின்-97, கோல்ஜின்-245, ஜிசிசி88, ஜிசிசி185 ஆகிய நான்கும் கிரிப் என்ற சிறு பகுதியைச் சி-முனையில் வைத்திருக்கின்றன. கோல்ஜின்-97, கோல்ஜின்-245 போன்றவற்றின் கிரிப்பைக் கோல்கையின் கடைசி முகத்தில், அதாவது சரக்கு வெளியேறும் பக்கத்தில், இருக்கும் ஆர்ல்1 என்ற சிறு ஜிடிபி புரதம் (ஜிடிபியைப் பிடித்தால் இயங்கும் சுவிட்ச்) பிடித்துக்கொள்கிறது. ஜிஎம்ஏபி-210 ஆர்ஃப்1-ஐப் பிடிக்கிறது. ஜிஎம்130-க்குச் சொந்தமாகச் சவ்வு நங்கூரம் இல்லை. அதன் சி-முனை கிராஸ்ப்65-ஐப் பிடிக்கிறது, கிராஸ்ப்65 தன் என்-முனையில், அதாவது சங்கிலியின் தொடக்கத்தில், ஒட்டியிருக்கும் மிரிஸ்டிக் கொழுப்பு அமிலத்தால் சவ்வைப் பிடிக்கிறது. கோல்ஜின்-45 அதே மாதிரி கிராஸ்ப்55-உடன் ஜோடி. இந்த ஜோடிக் கணக்கு பின்னால் தேவைப்படும், மறந்துவிட வேண்டாம்.

ஒரு நுண்பை, அதாவது சரக்கைச் சுமக்கும் சிறு சவ்வுப் பை, எப்படிப் பிடிபடுகிறது என்பதை எண்டோபிளாச வலைப்பின்னலிலிருந்து கோல்கைக்கு வரும் வழியில் பார்க்கலாம். காப்-2 என்ற புரத உறையில் புறப்பட்ட நுண்பை, ராப்1 என்ற சிறு ஜிடிபி புரதத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. ராப்1 தன் செயல்நிலையில் பி115 என்ற இன்னொரு கட்டுப் புரதத்தை இழுத்துவைக்கிறது. பி115 ஒரு புறம் நுண்பையோடும் மறுபுறம் கோல்கையின் முதல் தட்டில் நிற்கும் ஜிஎம்130-இன் என்-முனையோடும் சேர்கிறது. இந்த நிலையில் நுண்பை பிடிபட்டிருக்கிறது, இன்னும் சேரவில்லை. கோல்ஜின் மடங்கியோ சுருங்கியோ இடைவெளி குறைய வேண்டும், அப்புறம்தான் சவ்வுகளைக் கலக்கச் செய்யும் ஸ்நேர் புரதங்கள் ஒன்றையொன்று எட்டும். முதல் தட்டில் முக்கியமான ஸ்நேர் சின்டாக்ஸின்-5. நாலு ஸ்நேர் சுருள்கள் முறுக்கிக்கொண்டதும் சவ்வுகள் கலக்கின்றன. தண்டு மடங்கத்தான் வேண்டும் என்பதற்கு ஜிசிசி185-இல் நல்ல ஆதாரம் இருக்கிறது: அதன் நடுப்பகுதியின் நெகிழ்வை எடுத்துவிட்டால் பிடிக்கும் வேலை கெடுகிறது. எல்லாக் கோல்ஜினும் ஒரே மாதிரி மடங்குகிறதா என்பது அவ்வளவு தெளிவில்லை.

எந்தக் கோல்ஜின் எந்த நுண்பையைப் பிடிக்கும் என்பதில் என் மனத்தில் சந்தேகமே இல்லை. காரணம் 2014-இல் வாங், மன்ரோ இருவரும் செய்த ஒரு சோதனை. கோல்ஜின்களின் சி-முனையை வெட்டிவிட்டு, மைட்டோகாண்ட்ரியாவில் போய் உட்காரும் ஒரு வாலை ஒட்டினார்கள். கோல்கைக்கு வரவேண்டிய நுண்பைகள் மைட்டோகாண்ட்ரியாவைச் சுற்றிக் குவிந்தன, அதுவும் கலந்துகட்டியாக அல்ல. கோல்ஜின்-97, கோல்ஜின்-245, ஜிசிசி88 மூன்றும், செல் உள்ளிழுத்ததைப் பிரிக்கும் எண்டோசோமிலிருந்து திரும்பும் சரக்கை இழுத்தன. ஜிஎம்130, ஜிஎம்ஏபி-210 இரண்டும் எண்டோபிளாச வலைப்பின்னலிலிருந்து வருவதை இழுத்தன. கோல்ஜின்-84, டிஎம்எஃப், ஜிஎம்ஏபி-210 மூன்றும் கோல்கைக்குள்ளேயே தட்டுக்குத் தட்டு திரும்பும் நுண்பைகளை இழுத்தன. புரதத்தை வேறு வீட்டில் குடிவைத்தால் சரக்கும் அந்த வீட்டுக்கே போகிறது. ஒரு புரதத்தைக் குறைத்துவிட்டு "கலைந்தது" என்று சொல்வதைவிட இது பல மடங்கு வலுவான சான்று. குறைக்கும்போது எது நேரடி விளைவு, எது பக்கவிளைவு என்று பிரிப்பது கடினம், இடம் மாற்றும்போது அந்தத் தொல்லை பெரிதும் இல்லை.

இரண்டாம் வகை பல துணைப் புரதங்கள் சேர்ந்த கூட்டுகள். கோல்கைக்குள் முக்கியமானது காக் கூட்டு. எட்டுத் துணைப் புரதங்கள், காக்1 முதல் காக்4 வரை ஒரு மடல், காக்5 முதல் காக்8 வரை மற்றொரு மடல். தட்டுகளில் இருக்கவேண்டிய சர்க்கரை சேர்க்கும் என்சைம்கள் சரக்கோடு சேர்ந்து முன்னால் நகர்ந்துவிடும்போது, காப்-1 உறை நுண்பைகள் அவற்றைப் பின்னால் கொண்டுவருகின்றன. அந்த நுண்பைகள் சரியான தட்டில் இறங்குவதற்குக் காக் வேண்டும். காக் குறைந்தால் இறங்க இடமில்லாத சிறு நுண்பைகள் சைட்டோபிளாசத்தில் பெருகும், என்சைம்கள் இடம் தப்பும், சர்க்கரைச் சங்கிலி அரைகுறையாக நிற்கும், தட்டுகளும் விரிந்து சிதறும். இதே குறை மனிதரில் பிறவி கிளைக்கோசைலேற்றக் கோளாறாக வருகிறது. காக்7 மாற்றத்தால் வரும் வகைதான் முதலில், 2004-இல், விவரிக்கப்பட்டது.

பாடநூல் தவறவிடும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். கோல்கைத் தட்டு ஒரு முறை கட்டிவைத்துவிட்டுப் போகும் சுவர் அல்ல. நிமிடத்துக்கு நிமிடம் சவ்வு உள்ளே வருகிறது, வெளியே போகிறது. வருவதும் போவதும் சமமாக இருக்கும்வரைதான் தட்டுக்கு அந்த அகலம், அந்த வடிவம். கட்டுப் புரதங்கள் வரவைக் கவனிக்கின்றன. அவை குறைந்தால் வரவு குறைகிறது, காப்-1 வெட்டிக்கொண்டே இருப்பதால் செலவு நிற்பதில்லை, தட்டு சுருங்கி நுண்பைக் கூட்டமாக மாறுகிறது. இப்படிப் பார்த்தால், ஒட்டும் பசை என்று எதையும் எடுக்காமலே, வரவை மட்டும் நிறுத்தி அமைப்பைக் குலைக்கலாம். செல் பிரியும்போது செல் செய்வதில் ஒரு பாதி இதுதான். மைட்டாசிஸ் தொடங்கும்போது சிடிகே1 கைனேஸ் ஜிஎம்130-இன் 25-ஆவது சீரினில் பாஸ்பேட் ஏற்றுகிறது, பி115 அதைப் பிடிக்க முடியாமல் போகிறது, நுண்பைகள் வந்து சேர்வது தடைப்படுகிறது. அதே நேரத்தில் கிராஸ்ப்65-உம் பாஸ்பேட் ஏற்று ஒன்றையொன்று விடுகிறது. டீலோஃபேசில் பாஸ்பேட் கழன்றதும் எல்லாம் திரும்பிக் கூடுகிறது.

இப்போது கிராஸ்ப் விஷயம். 1997-இல் கிராஸ்ப்65-உம் 1999-இல் கிராஸ்ப்55-உம் கண்டறியப்பட்டபோது, உடைத்த கோல்கையை சோதனைக் குழாயில் மீண்டும் அடுக்கச் செய்யும் முறையில் இவற்றின் எதிர்ப்பொருளைப் போட்டால் அடுக்கு உருவாகவில்லை. கிராஸ்பின் என்-பாதியில், பிற புரதத்தைப் பிடிக்கும் பிடிஇசட் மடிப்பைப் போன்ற இரண்டு பகுதிகள் இருக்கின்றன. ஒரு தட்டில் இருக்கும் கிராஸ்ப் எதிர்த் தட்டில் இருக்கும் கிராஸ்போடு அவற்றால் கைகோக்க முடியும். கிராஸ்ப் சிறியது, 10 நானோமீட்டர் இடுக்கில் அடங்கும். பூச்சுப் போட்ட மணிகளைக்கூட அது ஒன்றுசேர்த்தது. எல்லாம் பொருந்தியது, பசை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு, ஜீனிலிருந்து புரதம் உருவாவதைத் தடுக்கும் ஆர்என்ஏ தலையீட்டால் இரண்டையும் சேர்த்துக் குறைத்தபோது அடுக்குகள் குலைந்தன என்று 2010-இல் ஓர் ஆய்வு காட்டியது. அதே முறையில் வேறு சிலர் நாடா மட்டும்தான் அறுகிறது என்றார்கள். 2014-இல் கிராஸ்ப்65 இல்லாத எலி வந்தது. நீங்கள் படித்தது அநேகமாக அதுவாகத்தான் இருக்கும். அடுக்கு அப்படியே இருந்தது, பக்கவாட்டு இணைப்பு மட்டும் பாதிக்கப்பட்டது. கிராஸ்ப்55 ஈடுகட்டியிருக்கும் என்று அப்போது சமாதானம் சொல்ல முடிந்தது. 2020-இல் இரண்டும் இல்லாத எலியைப் பார்த்தார்கள். அதிலும் அடுக்கு நின்றது, அடுக்குகளுக்கு இடையிலான இணைப்பு அறுந்திருந்தது, தட்டுகளின் குறுக்களவு குறைந்திருந்தது. அந்தக் கடைசி விவரத்தைக் கவனியுங்கள், வரவு-செலவுக் கணக்கோடு அது நன்றாகப் பொருந்துகிறது.

எலியின் செல் வளர்ச்சிக் காலம் முழுவதும் பழகி வேறு வழி கண்டுபிடித்திருக்கலாம் என்ற எதிர்வாதம் அப்போதும் மிச்சமிருந்தது. அதற்கு 2021-இல் வந்த ஆய்வுதான் பதில். மனித ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களில் இரு கிராஸ்புகளின் ஜீன்களிலும் சிதைவுக் குறியைச் சேர்த்து, வேண்டும்போது செல்லின் புரதச் சிதைப்பானான புரோட்டியசோம் அவற்றை விரைவாகத் தின்றுவிடும்படி செய்தார்கள். ஒன்றை மட்டும் சட்டென்று நீக்கினால் நாடாவுக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை. இரண்டையும் சேர்த்து நீக்கினால் ஜிஎம்130, பி115, கோல்ஜின்-45 மூன்றும் கோல்கையை விட்டுக் கழன்றன, நாடா இணைப்பு கெட்டது. மேலே சொன்ன ஜோடிக் கணக்கு இங்கே வேலை செய்கிறது: நங்கூரம் போனால் அதைப் பிடித்திருந்த கோல்ஜினும் போகும். ஆனால் அடுக்கு நின்றது. மைட்டாசிஸ் முடிந்து புதிதாக அடுக்கு கட்டுவதும் கிராஸ்ப் இல்லாமலே நடந்தது.

ஆக, உறுதியாகச் சொல்லக்கூடியது: கோல்ஜின்கள் நுண்பைகளை வகை பிரித்துப் பிடிக்கின்றன, கிராஸ்ப்-கோல்ஜின் ஜோடிகள் நாடாவை இணைத்து வைக்கின்றன, காக் என்சைம்களை அவற்றின் தட்டில் வைத்திருக்கிறது. சர்ச்சையில் இருப்பது அடுக்கை எது பிடித்துவைத்திருக்கிறது என்பது. கிராஸ்ப் மட்டும் அல்ல என்பதற்கு எலியைத் தேடிப் போகவே வேண்டியதில்லை. தாவரங்களில் கிராஸ்ப் கிடையாது, ஆனாலும் பாடநூலில் அச்சிடும் அளவுக்கு அழகான அடுக்கு இருக்கிறது. பிக்கியா என்ற ஈஸ்டில் கிராஸ்பின் உறவினரை நீக்கினாலும் அடுக்கு போகவில்லை. பல கோல்ஜின்கள் சேர்ந்து, ஒவ்வொன்றும் பலவீனமாகப் பிடித்தாலும், மொத்தத்தில் அடுக்கைத் தாங்குகின்றன என்பது எனக்கு இப்போதைக்கு ஏற்புடையதாகப் படுகிறது. ஜிஎம்130 திரவத் துளி போலத் திரள்கிறது, அப்படிப்பட்ட திரள்தான் கோல்கையைச் சூழ்ந்து ரைபோசோமை விலக்கிவைக்கிறது என்ற கருத்தும் 2020-லிருந்து பேசப்படுகிறது. ஈர்ப்பான கருத்துதான். ஆனால் அளவுக்கு மீறி உற்பத்தியாகும்போது திரளும் புரதம், செல்லில் இயல்பாக இருக்கும் அளவிலும் திரள்கிறதா என்பது வேறு கேள்வி. அதைக் கேட்காமல் அந்தப் படங்களை நம்பிவிட வேண்டாம். நான் சொன்னது பெரும்பாலும் வளர்ப்புச் செல்லிலும் எலியிலும் கண்டது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

"எலி பிழைத்தது" என்பதால் இந்தப் புரதங்கள் தேவையற்றவை என்று முடிவுகட்டவும் முடியாது. எந்தத் திசுவைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. ஜிஎம்130 நீக்கிய எலிகளில் சிறுமூளையின் பர்கின்ஜி நியூரான்கள் அழிந்து நடை தள்ளாடுகிறது. அந்த நியூரானில் கோல்கை சரியான பக்கம் நின்றால்தான் டென்ட்ரைட்டுக்குச் சரக்குப் போகும். மனிதரில் ஜிஎம்ஏபி-210-இன் ஜீன் முற்றிலும் கெட்டால் அகாண்ட்ரோஜெனிசிஸ் 1ஏ என்ற கடுமையான எலும்புக் குறைபாடு வருகிறது, குழந்தை பிழைப்பதில்லை. குருத்தெலும்புச் செல் ஏராளமான புரதத்தைச் சுரக்க வேண்டியது, ஆகவே வரவு-செலவுக் கணக்கில் சிறு பிசகையும் தாங்காது. ஹீலா என்ற வளர்ப்புச் செல்லில் ஒன்றும் தெரியவில்லை என்பதை வைத்து உடம்பு முழுவதற்கும் தீர்ப்புச் சொன்னால் இங்கேதான் சறுக்கும்.

ப்ராஜெக்ட் பற்றி. ஜீன் நீக்கமும் சிதைவுக் குறியும் ஆறு மாதத்துக்கு ஆகாது. ஆனால் அடுக்கையும் நாடாவையும் பிரித்துக் காட்டும் ஒரு சோதனையை, செல் வளர்க்கும் வசதியும் கன்ஃபோகல் நுண்ணோக்கியும் கிடைத்தால் செய்யலாம். ஹீலாவோ ஆர்பிஇ-1 என்ற மனித விழித்திரைச் செல்லோ எடுங்கள். ஆர்பிஇ-1 தட்டையாகப் பரவும், கோல்கை ஒரே தளத்தில் தெரியும், என் வாக்கு அதற்குத்தான். 24 குழித் தட்டில் 12 மில்லிமீட்டர் கவர்ஸ்லிப்பில் விதைத்து, 50 முதல் 60 சதவீதம் நிரம்பியபோது வேலையைத் தொடங்குங்கள். நெருங்கி வளர்ந்த செல்லில் கோல்கை உயரவாக்கில் குவிந்து, பார்ப்பதற்கு நாடா அறுந்ததா என்றே சொல்ல முடியாமல் ஆகிவிடும். ஒரு குழிக்கு நோகோடசோல் 10 மைக்ரோமோலார், 37 டிகிரியில் இரண்டு முதல் மூன்று மணி நேரம். அது மைக்ரோட்யூபுலைக் கலைக்கும், நாடா அறுந்து செல் முழுவதும் சிறு அடுக்குகளாகப் பரவும், அடுக்கு மட்டும் நிற்கும். இன்னொரு குழிக்கு பிரெஃபெல்டின்-ஏ ஒரு மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம், அரை மணி நேரம். அதில் என்சைம்கள் எண்டோபிளாச வலைப்பின்னலுக்குத் திரும்பும், அடுக்கே போகும், ஜிஎம்130 மட்டும் சிதறிய புள்ளிகளாக மிஞ்சும். மூன்றாவது குழிக்கு, மருந்தைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ மட்டும் அதே அளவு. டிஎம்எஸ்ஓ 0.1 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். இரண்டு மருந்தும் நஞ்சு, கையுறை இல்லாமல் தொடக்கூடாது.

பிறகு 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் 15 நிமிடம், 50 மில்லிமோலார் அம்மோனியம் குளோரைடில் 10 நிமிடம், 0.1 சதவீத டிரைட்டனில் 5 முதல் 10 நிமிடம், பிஎஸ்ஏ போட்டு அரை மணி நேரம், அப்புறம் எதிர்ப்பொருள். முதல் முகத்துக்கு ஜிஎம்130, கடைசி முகத்துக்கு டிஜிஎன்46. எலிச் செல்லை எடுத்தீர்களானால் மனித டிஜிஎன்46-க்கு எதிரான எதிர்ப்பொருள் பல சமயம் ஒட்டாது, வாங்கும் முன்பே பட்டியலைப் பாருங்கள். நாள் கடந்த பாராஃபார்மால்டிஹைடு இன்னொரு வழக்கமான தொல்லை. சவ்வு சரியாக நிலைப்படாமல், டிரைட்டன் போட்டதும் கோல்கை பஞ்சு பஞ்சாகத் தெரியும், மருந்து போடாத குழியும் கலைந்த மாதிரி இருக்கும். அன்றன்றைக்குக் கரைத்துக்கொள்ளுங்கள்.

நோகோடசோல் போட்ட செல்லில் ஒவ்வொரு சிறு அடுக்கிலும் ஜிஎம்130 புள்ளியும் டிஜிஎன்46 புள்ளியும் ஒட்டினாற்போல், ஆனால் ஒன்றின் மேல் ஒன்று விழாமல் நிற்கும். ஒளி நுண்ணோக்கி 200 நானோமீட்டருக்குக் கீழே இரண்டு புள்ளிகளைப் பிரிக்காது என்பது உண்மை. ஆனால் தனித்தனி நிறத்தில் இருக்கும் இரண்டு புள்ளிகளின் ஒளி மையத்தை அதைவிடத் துல்லியமாகக் கணக்கிடலாம், நூற்றுக்கணக்கான சிறு அடுக்குகளை அளந்து சராசரி எடுத்தால் போதும். அளப்பதற்கு முன் எல்லா நிறத்திலும் ஒளிரும் மணிகளை வைத்து நிறங்களுக்கு இடையிலான நகர்வைத் திருத்த வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் நீங்கள் அளப்பது நுண்ணோக்கியின் கண்ணாடிப் பிழையாக இருக்கும். வைவாவில் எக்ஸ்டர்னல் முதலில் கேட்பதும் அதுவாகத்தான் இருக்கும்.

நிதி இருந்து கிராஸ்ப்65, கிராஸ்ப்55 இரண்டுக்கும் எஸ்ஐஆர்என்ஏ (ஆர்என்ஏ தலையீட்டுக்கான சிறு ஆர்என்ஏ) வாங்க முடிந்தால், 10 முதல் 20 நானோமோலார், 72 மணி நேரம், ஒவ்வொரு ஜீனுக்கும் இரண்டு வெவ்வேறு வரிசை. குறைந்ததா என்பதை வெஸ்டர்ன் பிளாட்டில் காட்டாமல் ஒரு படத்தைக்கூட விளக்க முயல வேண்டாம். 72 மணி நேரம் நீண்ட காலம், அதற்குள் செல் மூன்று தடவை பிரிந்திருக்கும், கண்ணில் தெரிவதில் பாதி மறைமுக விளைவாக இருக்கலாம். பத்து வருட வாக்குவாதத்துக்கு இந்தக் காலதாமதமும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன். எஸ்ஐஆர்என்ஏவால் தொட முடியாத வடிவில் அதே புரதத்தைத் திரும்பக் கொடுத்து, கோல்கை பழைய நிலைக்கு வருகிறதா என்று பார்த்தால் மட்டுமே விளைவு அந்தப் புரதத்தால் வந்தது என்று எழுதலாம். திரும்பக் கொடுக்கும் புரதம் அதிகமாகிவிடாமல் பாருங்கள். ஜிஎம்130 போன்ற கோல்ஜின்கள் மிகுந்தால் தாமே உருண்டு கட்டிகளாகும், அதைக் கோல்கை என்று எண்ணிவிடுவார்கள். மைட்டாசிஸில் இருக்கும் செல்லையும் அப்போப்டோசிஸில் இருக்கும் செல்லையும் எண்ணிக்கையிலிருந்து விலக்க வேண்டும், இரண்டிலும் கோல்கை இயல்பாகவே உடையும். அப்போப்டோசிஸில் காஸ்பேஸ்கள் கிராஸ்ப்65-ஐயும் ஜிஎம்130-ஐயும் வெட்டிவிடுகின்றன. டாப்பி சாயத்தில் உட்கருவைப் பார்த்தாலே இந்த இரண்டு வகையும் தெரிந்துவிடும். கணக்கெடுப்பவருக்கு எந்தக் கவர்ஸ்லிப் எது என்று தெரியாமல், வேறொருவர் எண் ஒட்டி வைப்பது நல்லது. "அறுந்தது, அறாதது" என்று கண்ணால் பிரிப்பதில் ஆசை எளிதாகப் புகுந்துவிடும்.

நாடா உண்மையிலேயே அறுந்ததா, துண்டுகள் சும்மா பக்கத்தில் கிடக்கின்றனவா என்பதற்கு நிலைப்படுத்திய செல் பதில் தராது. உயிருள்ள செல்லில் கால்நாக்-டி2 போன்ற கோல்கை என்சைமைப் பச்சை ஒளிர்வோடு சேர்த்து, நாடாவின் ஒரு பகுதியை லேசரால் வெளுத்துவிட்டு, பக்கத்திலிருந்து ஒளி ஊர்ந்து வருகிறதா என்று சில நிமிடங்கள் பார்க்க வேண்டும். இணைந்திருந்தால் வரும், அறுந்திருந்தால் மிக மெதுவாக வரும்.

அடுக்கைப் பற்றி எதையாவது எழுதுவதாக இருந்தால் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் இல்லாமல் எழுத வேண்டாம். கல்லூரியில் இருக்காது, வெளியே கட்டணம் கட்டித்தான் எடுக்க வேண்டும். செல்லை நீங்களே 2.5 சதவீத குளூட்டரால்டிஹைடில், பஃபரோடு, ஒரு மணி நேரம் நிலைப்படுத்திச் சிறு உருண்டையாகச் சேர்த்துக்கொண்டால், ஆஸ்மியம் முதல் மீதி வேலையை அங்கே செய்துகொள்வார்கள். 60, 70 நானோமீட்டர் வெட்டு ஒன்றில் அடுக்கு குறுக்காக வெட்டுப்பட்டால்தான் அடுக்காகத் தெரியும், தட்டுக்கு இணையாக வெட்டுப்பட்டால் வட்ட வட்டமாக, கலைந்ததுபோலத் தெரியும். அதனால் ஒரு நிலைக்குக் குறைந்தது 20, 30 செல்களாவது வேண்டும், ஒவ்வொன்றிலும் தட்டுகளின் எண்ணிக்கை, நீளம், இடைவெளி, சுற்றியுள்ள நுண்பைகளின் எண்ணிக்கை நாலையும் குறித்துக்கொள்ளுங்கள். நிலைப்படுத்திய உருண்டையைப் பஃபரில் போட்டு 4 டிகிரியில் சில நாள் வைத்திருக்கலாம். வாளையாறு தாண்டிக் கோயம்புத்தூருக்கோ தெற்கே திருவனந்தபுரத்துக்கோ எடுத்துப்போகும்போது ஐஸ் பாக்கெட் குப்பியை நேராகத் தொடாதபடி துணி சுற்றிவிடுங்கள். உறைந்துவிட்டால் பனிப் படிகங்கள் சவ்வைக் கிழித்துவிடும், அப்புறம் எந்தப் புரதமும் காரணமில்லாமலே எல்லாக் குழியிலும் கோல்கை சிதைந்திருக்கும்.